ஐந்தரை மணி மழை

கோவில்பட்டி, வியாழக்கிழமை, காலை ஆறு மணி

எழும்பூரில் முந்தின இரவு என்னை ஏற்றிக்கொண்ட ரயில், கோவில்பட்டியில் இறக்கிவிட்டு, நான் பைகளைச் சரிபார்ப்பதற்குள் திருநெல்வேலிப் பக்கம் கிளம்பிப் போய்விட்டது. பைகள் இரண்டு. ஒன்றில் துணிமணி. இன்னொன்றில் திருப்புளி, வயர், மின்சாரம் பார்க்கும் மீட்டர், கோடு போட்ட ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். அந்தப் பாட்டிலின் மூடியில் ஊசித்துளை உண்டு. இதைப் பார்த்த எதிர் இருக்கைக்காரர் எனக்கு ஏதோ சொல்ல முடியாத வியாதி என்று முடிவுகட்டி, இரவு முழுக்க என்னிடம் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார். கீழ்ப்படுக்கையையும் விட்டுக்கொடுத்தார். நானும் அவரைத் திருத்தவில்லை.

என் வேலை என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வரும் எதுவும் விளங்காது. மானாவாரி ஊர்களில் அங்கங்கே ஒரு இரும்புக் கம்பத்தில் சின்ன வானிலை நிலையம் நட்டிருக்கிறார்கள். மழை, வெயில், காற்று, காற்றின் ஈரம், மண்ணின் ஈரம் எல்லாவற்றையும் அது தானாகவே அளந்து கால் மணிக்கு ஒரு தடவை சென்னைக்கு அனுப்பும். அனுப்பிய எண்ணை நம்பலாமா கூடாதா என்று பார்ப்பவன் நான். ஆறு வருஷமாகத் திரை முன்னால் உட்கார்ந்து பார்க்கிறேன். எப்போதும்வென்றான் என்கிற ஊரில் காற்று எப்போது ஓயும் என்று எனக்குத் தெரியும். அங்கே ஒரு மனிதரைக்கூடத் தெரியாது. இருந்தாலும் அந்த எண்களோடு ஒரு பழக்கம் வந்துவிட்டது. வீட்டில் நான் ஒருவன்தான். அப்படி இருப்பவனுக்கு எதனோடும் பழக்கம் வந்துவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புதூர் வட்டாரத்து நிலையம் ஒன்று சில மாதங்களாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை, காரணம் போகப்போகத் தெரியும். மேகமே இல்லாத நாட்களில், சாயங்காலம் ஐந்தரை மணிவாக்கில், அரை மில்லிமீட்டர் மழை என்று எழுதும். சில நாள் ஒரு மில்லிமீட்டர். உண்மையாகவே மழை பெய்தால் வெப்பம் இறங்க வேண்டும், காற்றில் ஈரம் ஏற வேண்டும். இங்கே அதெல்லாம் அசையாது. மழைக் கட்டம் மட்டும் மாறும். வாரத்தில் மூன்று நாளோ நான்கு நாளோ இப்படிப் பெய்யும். சனிக்கிழமை மட்டும் பெய்ததே கிடையாது.

அலுவலகத்தில் இதை வைத்து என்னைக் கேலி செய்யாதவர் இல்லை. சனிக்கிழமை லீவு போடும் மழையை இப்போதுதான் பார்க்கிறோம் என்றார்கள். குருவி குளிக்கிறது என்றார் ஒருவர். பல்லி என்றார் இன்னொருவர். மேலதிகாரிக்குக் கேலி பிடிக்காது. "காரணத்தைக் கண்டுபிடிச்சு நிறுத்துங்க. முடியலைன்னா கழற்றி வேற ஊர்ல நட்டுடலாம்" என்றார். ஊர் ஊராகப் போய் இவற்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த பையன் வேலையை விட்டுப் போய் மாதக்கணக்காகிறது. அதனால் திரைக்கு முன்னால் இருந்தவனே திரைக்கு அந்தப் பக்கம் கிளம்ப வேண்டியதாயிற்று.

எப்போதும்வென்றான், அன்று முற்பகல்

கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் டீ பன்னிரண்டு ரூபாய். எட்டயபுரம் போய் வண்டி மாறி, எப்போதும்வென்றானில் இறங்கினேன். பொய் சொல்லும் நிலையத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒழுங்காக இருக்கும் நிலையம் ஒன்றைப் பார்த்துவைப்பது நல்லது என்று ஒரு யோசனை.

புரட்டாசி பாதி போயிருந்தது. சாலைக்கு இரண்டு பக்கமும் நிலம் உழாமல் கிடந்தது. கரிசல் காய்ந்து வெடித்து, வெடிப்புக்குள் கையை முழங்கை வரைக்கும் விடலாம் போலிருந்தது. தூரத்தில் காற்றாலைகள் சும்மா நின்றன. இந்த ஊரின் மண்ணீரக் கோடு இரண்டு மாதமாகத் திரையில் தரையோடு ஒட்டிக் கிடந்ததை நான் தினமும் பார்த்திருக்கிறேன். எண் ஒன்பது என்று இருந்தால் ஒன்பது என்றுதான் நினைத்தேனே தவிர, அது இவ்வளவு பெரிய வெடிப்பு என்று மனதில் தோன்றியதில்லை.

நிலையம் வேலிக்குள் ஒழுங்காக நின்றது. மழை அளக்கும் பாகத்தைத் திறந்து பார்த்தேன். இது எளிய சாமான்தான். மேலே ஒரு புனல். அதற்குக் கீழே சிறுவர்கள் ஏறி ஆடும் ஏற்ற இறக்கப் பலகை மாதிரி, இரண்டு பக்கமும் குழிந்த ஒரு சின்னக் கரண்டி. ஒரு பக்கம் நிறைந்ததும் டக்கென்று சாயும். ஒரு சாய்ப்புக்கு அரை மில்லிமீட்டர் மழை என்று கணக்கு. புனலில் புழுதி, ஒரு காக்கையின் எச்சம், இரண்டு கருவேல இலை. மழை பெய்யாத ஊரில் புனல் இப்படித்தான் இருக்கும். துடைத்து மூடினேன். யாரும் வந்து என்னவென்று கேட்கவில்லை. வேலிக்கு வெளியே நின்ற நாய் மட்டும் நான் பஸ் ஏறும் வரைக்கும் கூட வந்தது. அன்று நான் அதிகமாகப் பேசியது அதனோடுதான்.

புதூர், வெள்ளிக்கிழமை, பிற்பகல்

விளாத்திகுளத்தில் ஒரு லாட்ஜில் இரவைக் கழித்துவிட்டு, மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புதூர் பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் பதினெட்டு ரூபாய். புதூரிலிருந்து அந்த ஊருக்குப் பகலில் பஸ் கிடையாது. காதர் என்கிற ஆட்டோக்காரர் போக இருநூறு என்றார். ஐம்பது வயதிருக்கும். காக்கிச் சட்டைக்கு மேல் பச்சைத் துண்டு போட்டிருந்தார்.

"அந்த ஊர்ல என்ன சோலி அண்ணாச்சி? பொண்ணு பாக்கவா?"

எனக்கு வயது நாற்பத்தெட்டு என்றேன். "அதனால என்ன?" என்றார். பிறகு விஷயத்தைச் சொன்னேன்.

"மழ மெஷினா! அது என்னத்துக்கு அண்ணாச்சி மெஷின்? இங்கன மழ பெஞ்சா ஊரு பூரா போன் அடிக்கும்லா."

எப்படி என்று கேட்டேன். வண்டியை ஓட்டிக்கொண்டே, பாதி முகத்தை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சொன்னார். நான் சாலையைப் பார்த்துக்கொண்டேன், யாராவது ஒருவர் பார்க்க வேண்டுமே.

"நம்ம ஆளுக பாதி வெளியூர்லதான் கெடக்காவ. திருப்பூரு, பம்பாயி, சவுதி. போன எடுத்தா சாப்டியான்னு கேக்க மாட்டாவ. மழ உண்டான்னுதான் கேப்பாவ. அதுக்குப் பொறவுதான் மத்த பேச்சு. எங்க அண்ணனும் நானும் பேசி அஞ்சாறு வருசமாச்சி. கடை பிரிச்சதுல ஒரு வருத்தம். நல்லது கெட்டதுக்குப் போறதில்ல. ஆனா மழ பெஞ்சா அவரு போன் போடுவாரு. அங்கன மழையான்னு கேப்பாரு. ஆமாம்பேன். இங்கனயும் லேசாத் தூத்தல்னு சொல்லுவாரு. வச்சிருவாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். மழையக் கேக்கதுக்குச் சண்டையென்ன, சமாதானமென்ன? அத யாரும் யார்ட்டயும் கேக்கலாம்."

பிறகு முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். "இந்த வருசம் இன்னும் போன் வரல" என்றார் கடைசியில்.

அந்த ஊர், மூன்றரை மணி

ஊருக்கு முன்னாலேயே ஊருணி. தண்ணீர் இல்லை. அதன் கரையில் வேலிக்குள் என் கம்பம். ஆறு வருஷமாக எண்ணாகத் தெரிந்ததைக் கம்பமாகப் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது, போனில் மட்டும் பேசிய ஆளை நேரில் பார்ப்பது போல. காதர் கம்பத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இம்புட்டுதானா?" என்று கேட்டுவிட்டு, ஆறு மணிக்கு வருகிறேன் என்று போனார்.

வேலிக் கதவின் சாவி பக்கத்து வீட்டு மாடசாமியிடம் இருப்பதாக அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். பக்கத்து வீடு என்றால் அங்கே இருந்த ஒரே வீடு. ஊர் அதற்கு அப்பால் இருந்தது. மாடசாமிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். ஒல்லியான ஆள், தலையில் துண்டு, சட்டைப் பையில் பழைய பட்டன் போன். ஒரு டஜன் வெள்ளாடுகளை ஊருணிக்குள் விட்டுவிட்டு உடைமரத்து நிழலில் நின்றார். ஆடு ஒன்று என் பையை முகர்ந்து பார்க்க வந்ததும் தெலுங்கில் அதட்டினார். அது உடனே திரும்பிப் போயிற்று.

"தெலுங்கு பேசுவீங்களா?" என்றேன்.

"எனக்கெங்க தெரியும்? தெலுங்கு வீட்டுல வாங்குன ஆடு சார். தமிழ்ல சொன்னா ஏறிட்டுப் பாக்க மாட்டேங்குது. அதுகளுக்காவ நாலு வார்த்த படிச்சிக்கிட்டேன்."

நான் யார் என்று சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"இத எடுத்துட்டுப் போகவா வந்துருக்கீங்க?"

"சரியா வேலை செஞ்சா எடுக்க மாட்டோம். மழையே இல்லாம மழைன்னு சொல்லுது. ஏன்னு பார்க்கணும். காரணம் தெரியலைன்னா எடுத்துடுவாங்க."

அவர் உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊருணியின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார். திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

வேலிக்குள் கிடந்த ஏணியைச் சாய்த்து, மேலே ஏறித் திறந்தேன். வயர் சரி. கரண்டி சரி. பல்லியும் இல்லை, கூடும் இல்லை. ஒன்றுதான் உறுத்தியது. புனல் பளபளவென்று இருந்தது. எப்போதும்வென்றானில் பார்த்த புழுதியும் எச்சமும் இங்கே இல்லை. வேலித் தூணின் தலையில் தண்ணீர் பாட்டிலின் நீல மூடி ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு கல். இதையெல்லாம் பார்த்த பிறகும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. திரையில் சனிக்கிழமையைக் கண்டுபிடித்தவனுக்கு, கண்ணுக்கு முன்னால் இருந்த மூடி புரியவில்லை.

காரணம் கிடைக்காவிட்டால் சோதனை செய்ய வேண்டும் என்பது விதி. அளந்த தண்ணீரை ஊசித்துளை வழியாகப் புனலில் சொட்டவிட்டு, நிலையம் சரியாக எண்ணுகிறதா என்று பார்ப்பது. அப்படிச் சொட்டும் தண்ணீர் மழைக் கணக்கில் சேர்ந்துவிடாமல் இருக்க முதலில் சோதனைப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினேன். நாற்பது மில்லிமீட்டருக்கு உண்டான தண்ணீரை ஊற்றிப் பாட்டிலைக் கவிழ்த்து நிறுத்தினேன். அப்போது ஐந்து மணி இருக்கும். டக், டக் என்று கரண்டி சாயும் சத்தம் கேட்கத் தொடங்கியது. அந்த வெட்டவெளியில் வேறு சத்தம் எதுவும் இல்லை. ஏணியடியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். வெயில் சாய்ந்தது. ஊர்ப் பக்கமிருந்து ஒருவரும் வரவில்லை. எதற்காகவோ மனசு பாரமாக இருந்தது.

ஐந்தரை மணி

மாடசாமி ஆடுகளோடு திரும்பி வந்தார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். என் தலைக்கு மேல் சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் நின்றார்.

"என்ன சார் பண்ணுதீங்க?"

"சோதனை. தண்ணி ஊத்திப் பார்க்கிறேன்."

"எம்புட்டு ஊத்துதீங்க?"

"நாற்பது மில்லிமீட்டர். முடியப் போகுது."

"நாப்பதா?" கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தார். "அது உழவு மழைல்லா சார்!"

உழவு மழை என்பது இந்தப் பக்கத்துக் கணக்கு. ஏர் இறங்குகிற அளவுக்கு மண் நனைந்தால் அது ஓர் உழவு மழை. அதற்குக் குறைந்ததெல்லாம் தூத்தல். இதை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார். எடுக்கவில்லை. நின்று மறுபடியும் அடித்தது. எடுத்தார். பழைய போன்களில் அந்தப் பக்கத்துக் குரல் சந்தைக்கே கேட்கும்.

"என்னங்க, மெசேஜி வந்துச்சி. நாப்பதுக்குக் கிட்ட காட்டுது. அங்கன மழையா?"

பெண் குரல். பின்னால் தையல் மெஷின்களும் ஆட்களும் இரைவது கேட்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிலையம் நட்ட சமயத்தில் ஊரில் போன் வைத்திருந்தவர்களின் எண்களைக் கேட்டு வாங்கிப் பதிந்திருந்தார்கள். மழை பெய்தால் அந்த எண்களுக்குக் குறுஞ்செய்தி போகும். ஊரிலேயே இருப்பவர்கள் வானத்தைப் பார்த்துக்கொள்வார்கள், அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்களாக இருக்கும். சென்னைக்கு வந்து போவதில்லை, பெட்டியிலிருந்து நேராகவே போகும். சோதனைப் பொத்தான் அதை நிறுத்தாது போல. புத்தகத்தில் இதை எழுதவில்லை. நானும் யோசிக்கவில்லை.

மாடசாமி புனலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க? கேக்குதா? உழவு மழதான அது? நான் சூப்பர்வைசர்ட்ட சொல்லிட்டேன். நாளைக்கிக் காலைல பொறப்படுதேன். வெத உளுந்து வீட்டுல இருக்குல்லா?"

அவர் முகத்தை நான் பார்க்கக் கூடாது என்று தோன்றியது, ஆனாலும் பார்த்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் வந்துவிடுவாள். சொல்லட்டும் என்றுகூட எனக்கு இருந்தது. ஆமாம் சொல்லுங்க என்று கையைக் காட்டியிருப்பேன். அவர் துண்டை எடுத்து வாயைத் துடைத்தார்.

"மழ இல்ல, பேச்சி. மெஷினப் பாக்க மெட்ராஸ்லேருந்து ஒரு சாரு வந்துருக்காவ. அவிய ஊத்துன தண்ணி."



"அப்ப நேத்திக்குப் பெஞ்சது?"

"அது நான் ஊத்துனது."

"திங்கக்கெழம?"

"அதுவும் நாந்தான். மூடியில மோந்து ஊத்துவேன். ரெண்டு மூடி."

"தெரியும்."

"என்னட்டி தெரியும்?"

"எனக்கு ஷிப்ட்டு முடியிற நேரம் பாத்து அஞ்சரைக்கு மட்டும் எந்த ஊர்லங்க மழ பெய்யும்? சனிக்கெழம சந்தைக்குப் போயி அக்கா வீட்டுல சாப்டுட்டுக் கடைசி பஸ்ஸுக்கு வருவீங்க. சனிக்கெழம மெசேஜி வராது. இதக் கண்டுபிடிக்க எனக்குப் பத்தாங்கிளாஸ் படிக்கணுமா?"

இதைச் சென்னையில் ஓர் அலுவலகமே உட்கார்ந்து யோசித்தது என்று நான் அங்கே சொல்லவில்லை.

"தெரிஞ்சி ஏன் போன் போட்ட?" என்றார் மாடசாமி.

 அவள் குரல் மாறி வந்தது. "ஆனா இன்னைக்கி நாப்பதுன்னதும் நெசம்னு நெனச்சிட்டேன். பைய எடுத்து வச்சிட்டேன். இனிமே நெசமாவே பெஞ்சா நான் எத நம்புவேன்? சொல்லுங்க."

இணைப்பு அறுந்தது. அவள் வைத்துவிட்டாள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவர் போனைப் பைக்குள் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மேலே என் பாட்டில் காலியாகி, கரண்டி கடைசியாக ஒரு தடவை சாய்ந்தது.

நான் பாட்டிலை இறக்குவதற்குள் அவர் வேலியோரம் உட்கார்ந்துவிட்டார், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவராகவே சொன்னார். மகளைக் கட்டிக்கொடுத்தது திருப்பூரில். பேரன் பிறந்தபோது பேச்சியம்மாள் துணைக்குப் போனாள். பிறகு அங்கேயே பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். ஆட்டை விற்றுவிட்டு நீங்களும் வாங்க என்றாள். இவர் வரமாட்டேன் என்றார். வார்த்தை தடித்து, "இனி போன் போடாத" என்று இவர் சொல்லிவிட்டார். "ஒரு உழவு மழ பெய்யட்டும், வெதைக்க வாரேன். அதுவரைக்கும் உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். அப்புறம் கோடையில் ஒரு நாள் நிஜமாகவே நாலு தூத்தல் விழுந்தது. உடனே போன் வந்தது. மழையா என்று கேட்டாள். ஆமாம் என்றார். வைத்துவிட்டாள்.

"மழையக் கேக்கதுல தப்பில்லல்லா சார்" என்றார். "அந்த ஒரு வார்த்தைக்காவத்தான் ஊத்துனேன். கூட ஊத்துனதில்ல. ரெண்டு மூடி, மிஞ்சிப் போனா நாலு. உழவு மழையளவுக்கு ஊத்திப் பொய் சொல்லி வரவழைக்கணும்னு நெனச்சதில்ல."

நான் ஊற்றிவிட்டேன். அதை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். "உங்களுக்கு எப்படித் தெரியும் சார்" என்று எழுந்து போய்த் தூண் மேலிருந்த நீல மூடியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"இனி ஊத்த மாட்டேன். மெஷின மட்டும் எடுத்துராதீங்க. நெசமாப் பெய்யிறப்ப அவளுக்குத் தெரியணும்லா."

எட்டயபுரம், சனிக்கிழமை, காலை

விளாத்திகுளத்திலிருந்து கோவில்பட்டிக்குத் திரும்பும் பஸ் எட்டயபுரத்தில் நகர முடியாமல் நின்றது. ஆட்டுச் சந்தை நாள். சாலை முழுக்க ஆடு, வேன், தலைக்கு மேல் தூக்கிய கைகள். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மாடசாமி தெரிந்தார். விற்க ஆடு கொண்டுவரவில்லை. விலை கேட்கும் கூட்டத்துக்கு ஓரமாக, கையில் போனை வைத்துக்கொண்டு நின்றார். கூப்பிடலாம் என்று கையை வெளியே நீட்டினேன். பஸ் நகர்ந்துவிட்டது. கூப்பிட்டு என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

கோவில்பட்டி ஸ்டேஷனுக்கு எதிர்க்கடையில் கடலை மிட்டாய் எத்தனை பாக்கெட் வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்று என்றேன். "வீட்டுக்கு, பக்கத்து வீட்டுக்கு, ஆபீசுக்கெல்லாம் வேண்டாமா?" என்றார் கடைக்காரர். ஒன்றே போதும் என்றேன். ரயில் கிளம்பும்போது மேற்கே ஒரு மேகமும் இல்லை.

சென்னை

அறிக்கையில் காரணம் கண்டறியப்பட்டது, இனி நேராது என்று எழுதினேன். யார், என்ன என்று மேலதிகாரி கேட்டார். நான் சொல்லவில்லை. அதனால்தான் ஊர்ப் பெயரையும் இங்கே எழுதவில்லை. முணுமுணுத்துவிட்டு, கார்த்திகை முடியும் வரைக்கும் நிலையம் இருக்கட்டும், இன்னொரு தடவை பொய் மழை பெய்தால் மறு பேச்சில்லாமல் கழற்றிவிட வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகு தினமும் ஐந்தரை மணிக்கு அந்த ஊரைத் திறந்து பார்ப்பேன். பூஜ்யம். கால் மணி கழித்துப் பூஜ்யம். அவர் வாக்கைக் காப்பாற்றுகிறார். நிலையத்தின் எண்கள் இப்போது சுத்தமாக, ஒழுங்காக, எப்போதும்வென்றான் மாதிரி இருந்தன. நான் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு அந்த அரை மில்லிமீட்டர் இல்லாதது ஏக்கமாக இருந்தது. திருப்பூரில் ஒருத்தி ஷிப்ட் முடிந்து போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். என் போன் பெரும்பாலும் வங்கியிலிருந்தும் கூரியரிலிருந்தும்தான் அடிக்கும். அதைப் பற்றி அதுவரை நான் பெரிதாக யோசித்ததில்லை.

ஐப்பசி பிறந்து ஒரு சனிக்கிழமை. அலுவலகம் கிடையாது. மூடிய ஜன்னலுக்குப் பக்கத்தில், வீட்டில், மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாலை நாலு மணிக்கு அந்த ஊரில் காற்று திடீரென்று திசை மாறியது. அடுத்த கால் மணியில் வெப்பம் ஏழு டிகிரி இறங்கியிருந்தது. காற்றின் ஈரம் ஏறிக்கொண்டே போனது. மழை இரண்டு. பிறகு ஒன்பது. பிறகு இருபத்தொன்று. மாதக்கணக்காகத் தரையோடு கிடந்த மண்ணீரக் கோடு மெல்லத் தலைதூக்கியது. ஐந்து மணிக்கு முப்பத்தாறு. எல்லாக் கட்டங்களும் ஒன்றாக அசைந்தன. யாரும் எந்த மூடியாலும் இதை ஊற்ற முடியாது. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். சொல்வதற்குப் பக்கத்தில் ஆளில்லை.

சாவி வைத்திருப்பவர் என்று அலுவலகக் குறிப்பில் இருந்த எண்ணில் மாடசாமியைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, அங்கே மழையா?" என்றேன். அண்ணாச்சி என்று எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"யாரு, மெட்ராஸ் சாரா? நான் எட்டயபுரத்துல அக்கா வீட்டுலல்லா இருக்கேன். இங்கன ஒரு பொட்டு இல்ல சார். இடி மட்டும் கேக்குது."

"உங்க ஊர்ல பெய்யுது. முப்பத்தாறு. நிஜ மழை."

"தெரியும் சார்." அவர் சிரித்தார். மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. "இப்பத்தான் அவ போன் போட்டா. நான் ஒண்ணுமே சொல்லல. அக்கா வீட்டுல இருக்கேன், எனக்குத் தெரியாது, போயிப் பாத்துச் சொல்லுதேம்னேன். பாக்க வேண்டாம்னு சொல்லுதா. நீங்க சத்தியமே பண்ணாலும் நம்ப மாட்டேன், ஆனா இன்னைக்கி சனிக்கெழமைல்லான்னு சொல்லுதா. பஸ்ஸு ஏறிட்டா சார். விடிய வந்துருவா. நான் இப்ப ஓடணும், வீட்டுக் கூரையில ரெண்டு எடம் ஒழுகும். வெத உளுந்தும் உள்ளதான் கெடக்கு."

"ஓடுங்க, ஓடுங்க" என்றேன்.

வைக்கப் போனவர் ஏதோ மறந்துவிட்ட மாதிரி மறுபடியும் பேசினார்.

"சார், உங்க ஊர்ல மழ உண்டா?"

திரையில் எத்தனையோ ஊர்களின் மழை வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. என் தெருவில் நிலையம் கிடையாது. இந்தக் கேள்வியை என்னிடம் இதுவரை யாரும் கேட்டதும் கிடையாது.

"ஒரு நிமிஷம் இருங்க, பார்த்துச் சொல்றேன்" என்று, போனைக் காதிலிருந்து எடுக்காமல், ஜன்னலைத் திறக்க எழுந்து போனேன்.